செல்லாத நாலு நாளு

களமருதூர்ல அந்த ஆளு வூட்ல நான் குடித்தனம் பண்ணது நாலே நாளு. திங்கக்கெழம தாலி கட்டினான், வியாழக்கெழம காலையில நான் பொட்டியத் தூக்கிக்கினு கெளம்பிட்டேன். அந்த நாலு நாளும் நடக்கவே இல்லன்னு கோர்ட்டுல எழுதி வாங்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. என்னக் கேட்டா சுருக்காதான் முடிஞ்சுது. எங்க ஊர்ல ஒரு வரப்புத் தகராறு இருவது வருஷமா நடக்குது.

எம்பேரு செந்தமிழ்ச்செல்வி. எங்கப்பா சடையன் வெச்ச பேரு. மேடப் பேச்சு எங்க நடந்தாலும் போயி முன்னால குந்திக்கிற ஆளு, பேரும் அப்படித்தான் வெப்பாரு. தியாகதுருகத்துக்குப் பக்கத்துல, மெயின்ரோட்ட ஒட்டின ஊரு எங்களுது. எண்பத்தேழுல, இடஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊரு கூட்டம் நடந்துக்கினு இருந்த வருஷம், எனக்கு வரன் வந்துது. மாப்ள சின்னதுரை. கல்வராயன் மலையில கடுக்காயும் புளியும் எடுக்கற கான்ட்ராக்டர்கிட்ட மேஸ்திரி, ஆறு வருஷமா மலையிலயே தங்கி வேல. எங்கப்பா கேட்டது ரெண்டே கேள்வி. குடிப்பானா, கூட்டத்துக்கு வருவானா. ஆறு வருஷம் மலையில அவனுக்கு யாரு சோறாக்கிப் போட்டதுன்னு ஒருத்தரும் கேக்கல. எங்கம்மா கமலாவும் கேக்கல. நானும் கேக்கல. அத நெனச்சா இப்பக்கூட எம்மேலயே எனக்குக் கோவம் வருது.

ஆவணி கடைசி முகூர்த்தத்துல கல்யாணம் முடிஞ்சுது. புதங்கெழம மத்தியானம் நான் வாசத் தெளிக்கிற எடத்துல நின்னு கைகழுவிக்கினு இருந்தேன். தோள்ல பையோட ஒரு ஆளு வந்து நின்னாரு. மலையிலேர்ந்து எறங்கி வந்த களைப்பு மூஞ்சியில தெரிஞ்சுது.

"சின்னதுரை மாமன் வூடு இதானே? எம்பேரு முனியன். எங்கக்காவுக்கு ரெண்டு வாரமா ஜொரம். மாமன இட்டாரச் சொல்லுச்சு."

"எந்த அக்கா?" ன்னேன்.

"சாமியம்மாக்கா. அவரு பொண்டாட்டி." சொல்லிக்கினே எங்கழுத்தப் பாத்தாரு. மஞ்சக்கயிறு இன்னும் ஈரம் காயாம கெடக்குது. "நீ யாரும்மா?"

"நான் அவரு பொண்டாட்டி."

"அப்ப எங்கக்கா யாரு?"

உள்ளேர்ந்து மாமியாக்காரி ராஜாம்பாள் வந்தா. அந்த ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்கல. "அத்தெல்லாம் ஒரு கல்யாணமா? பத்திரிக அடிச்சாங்களா, ஐயரு வந்தாரா? மலையில கெடந்த காலத்துல கஞ்சி காச்சி ஊத்துனவ. போயி வேலயப் பாருய்யா" ன்னா. அந்த முனியன் பையத் தோள்ல மாட்டிக்கினு வந்த வழியே போயிட்டாரு. அவரு சண்ட போட்டிருந்தாக்கூட எனக்கு ரவ தேவலையா இருந்திருக்கும்.

சாயங்காலம் சின்னதுரை வந்ததும் நேராவே கேட்டேன். அவன் பதறக்கூட இல்ல. துண்ட ஒதறிக்கினே சொல்றான். "அவங்க வழக்கம் அப்படி. ஊருக்குத் தலைவரு, ஊர்க்கவுண்டரும்பாங்க, அவரு முன்னால, ஊருகூடி நிக்கச்சொல்ல, ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டா கல்யாணம் தீந்துச்சு. அது முடிஞ்ச மாதிரிதான்."

"முடிஞ்சுதா, முடிஞ்ச மாதிரியா?"

"நாளைக்குப் போயி முடிச்சுட்டு வந்துடறேன். நீ இத பெருசு பண்ணாத."

கட்டிக்கினு வந்து மூணாவது நாளு, இன்னொருத்திய அத்து உட்டுட்டு வரேன்னு சொல்றான். வெத்தல வாங்கிக்கினு வரேன்னு சொல்ற தோரணையில சொல்றான். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவன்கூட நமக்கு ஒத்துவராதுன்னு.

மறுநாளு வியாழக்கெழமதான் இடஒதுக்கீடு கேட்டு ரோடு மறியலு மொத நாளு. ஒரு வாரத்துக்கு வண்டி ஓடாதுன்னு சொல்லிட்டாங்க. சின்னதுரை இருட்டோட சைக்கிள எடுத்துக்கினு மலைக்குப் போயிட்டான். வெளிச்சம் வந்ததும் நான் பொட்டியத் தலையில வெச்சேன். "பஸ்ஸே இல்ல, எப்படிடீ போவ?" ன்னு ராஜாம்பாள் கேட்டா. "காலு இருக்குது"ன்னேன்.

ரோடெல்லாம் வெட்டிச் சாச்ச மரம். ஒரு மரத்தத் தாண்டுனா ஒரு மைலுக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு. பொட்டிய அந்தப் பக்கம் தள்ளிட்டு, பொடவய வரிஞ்சுக்கினு ஏறித் தாண்டணும். மறியல் பண்றவங்க யாரும் என்னத் தடுக்கல. ஒருத்தரு தண்ணி குடுத்தாரு. இன்னொருத்தரு, "மறியல் நாள்ல எங்கம்மா போற?" ன்னாரு. "நானும் மறியலுக்குத்தான் போறேன்"னேன்.

பொழுது எறங்கற நேரம் எங்க ஊரு எல்லைக்கு வந்தேன். அங்க இருந்த பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்க உழுந்து கெடக்குது. அதும்மேல தலையில துண்டக் கட்டிக்கினு, பக்கத்துல கோடாலிய வெச்சுக்கினு எங்கப்பா. என்னப் பாத்ததும் சிரிச்சாரு.

"மறுவூட்டுக்கு நாளாவுமேன்னு நெனச்சுக்கினு இருந்தேன், வந்துட்டியா? காலையில மாப்ள போனாரு. நாங்க கடைசி வெட்டுப் போட்டு மரத்தச் சாச்ச நேரம் வந்தாரு. சைக்கிளத் தூக்கி நான்தான் தாண்டி உட்டேன். மலையில அவசர வேலையாம்."

"அவசரந்தான். அங்க ஒரு பொண்டாட்டி இருக்கறா. அவள அத்து உடப் போறான்."

சுத்தி ஆளுங்க இருந்தாங்க. எங்கப்பா மூஞ்சி செத்துப் போச்சு. "வூட்டுக்குப் போ, அப்பால பேசலாம்" ன்னாரு.

அப்பால பேசறதுக்கு எங்க நேரம் கெடச்சுது? அந்த வாரம் பல ஊர்ல போலீஸ் துப்பாக்கிச் சூடு, ஆளுங்க செத்துட்டாங்க. எங்க ஊர் ஆம்பளைங்க போலீசுக்குப் பயந்து கரும்புக் கொல்லையில படுத்துக் கெடந்தாங்க. மரம் வெட்டுனதுக்குப் போலீஸ்ல கேஸ் எழுதிட்டாங்க. பேரு தெரிஞ்சவங்க கொஞ்சம், மிச்சம் 'பேர் தெரியாத நூறு பேரு'. எங்கப்பா அந்தப் பேர் தெரியாத நூறுல ஒருத்தரு.

ஐப்பசியில சின்னதுரை ஆளுங்களோட என்ன இட்டுக்கினு போவ வந்தான். வரமாட்டேன்னுட்டேன். அடுத்த மாசம் கோர்ட்டுலேர்ந்து காயிதம் வருது, பொண்டாட்டி வந்து சேந்து வாழணும்னு கேஸ் போட்டிருக்கான். அதுல, மலையில நடந்தது கல்யாணமே இல்லன்னு ஒண்ணு. அப்படியே கல்யாணம்னு வெச்சுக்கினாலும், எங் கல்யாணத்துக்கு முன்னாடியே ஆடி மாசத்துல துரும்பு கிள்ளித் தீத்துட்டேன்னு இன்னொண்ணு. படிச்சதும் காயிதத்த மடிச்சு எடுத்துக்கினு வக்கீலப் பாக்கப் போனேன்.

கள்ளக்குறிச்சியில கண்ணாயிரம்னு ஒரு வக்கீலு. பேசறது கம்மி, மூக்குப்பொடி ஜாஸ்தி. "விவாகரத்து கேக்கறதுன்னா கல்யாணமாயி ஒரு வருஷம் ஆவணும்மா" ன்னாரு.

"எனக்கு விவாகரத்து வேணாம் சார். இது கல்யாணமே இல்லன்னு எழுதித் தரணும்."

அவரு பொடி டப்பாவ மூடி வெச்சுட்டு என்னப் பாத்தாரு. "அப்ப ரெண்டு விஷயத்த நிரூபிக்கணும். மலையில நடந்தது மெய்யான கல்யாணம். உனக்குத் தாலி ஏறுன அன்னிக்கு அது தீராம இருந்துது. இதுல ஒண்ணு வழுக்கினாலும், போயி அவன்கூட குடித்தனம் பண்ணுன்னு தீர்ப்பு வரும். துரும்பு கிள்ளுனது ஆவணிக்கு அப்பாலன்னு சொல்ல உங்கிட்ட சாட்சி இருக்குதா?"

இருக்குது. எங்க வூட்லயே இருக்குது. மறியல் அன்னிக்கு அவன் மலைக்குப் போனதக் கண்ணால பாத்து, சைக்கிளத் தூக்கி உட்ட மனுஷன். வூட்டுக்கு வந்து எங்கப்பாவக் கேட்டேன்.

அவரு சுவத்தப் பாத்துக்கினு சொன்னாரு. "அன்னிக்கு நான் ரோட்ல இருந்தேன்னு கோர்ட்டுல சொன்னா, என்னக் கேஸ்ல சேத்துடுவாங்க. கூட யாருன்னு கேப்பாங்க. ஊரே மாட்டும். நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிடேன் செல்வி. அவதான் இப்ப இல்லையே, தீத்துட்டானே."

"ஒனக்கு ஜெயிலு கூடாது, எனக்கு மட்டும் ஆயுசுக்கும் இருக்கட்டும். அதானே?" ன்னேன். அதுக்கப்பறம் நான் அவர்கிட்ட பேசல. சோறு போட்டேன், தண்ணி வெச்சேன், பேசல. ஒரே வூட்ல பேசாம இருக்கறது சும்மா இல்ல. எங்கம்மாதான் நடுவுல கெடந்து அல்லாடுனா.

அப்பா இல்லன்னா மலை இருக்குதுன்னு கெளம்பிட்டேன். கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ்ஸு, அதுக்கு மேல நடை. சாமியம்மாள் வூட்டக் கண்டுபுடிக்கச் சொல்ல மத்தியானம் ஆயிடுச்சு. அவ வாசல்ல சாமை பொடச்சுக்கினு இருந்தா. நான் யாருன்னு முனியன் சொன்னாரு. அவ மொறத்தக் கீழ வெக்கல.

"புருஷன்தான் போயிட்டான், இன்னும் இன்னா வேணும்?" ன்னா.

"எனக்கும் அவன் வேணாங்க்கா. உன்ன அவன் அத்து உட்டது எப்ப?"

"அவன் இன்னா அத்து உடறது. வேணாம்னு வந்து நின்னவன எதுக்குப் புடிச்சுக்கினு தொங்கணும்? நான்தான் துரும்பக் கிள்ளுன்னேன். சைக்கிளத் தள்ளிக்கினு மலையேறி வந்தான் பாரு, ஊரே சிரிச்சுது. ரோட்ல பூரா மரம் கெடக்குது, ரெண்டு நாளா நடந்து வரேன்னு சொன்னான். காலு ரெண்டும் வீங்கி இருந்துது."

ரோட்ல மரம் கெடந்துதுன்னா அது மறியல் வாரந்தான். "இத நீ கோர்ட்டுல சொல்லணும்" ன்னேன்.

அவ ரொம்ப நேரம் பொடச்சுக்கினே இருந்தா. "அஞ்சு வருஷம் அவனுக்குப் பொண்டாட்டியா இருந்தேன். கீழ வந்து நின்னா உங்க ஆளுங்க என்ன இன்னான்னு சொல்லுவாங்க? வெப்பாட்டின்னுதானே? உன் வக்கீலு வாயில அந்த வார்த்த வரக்கூடாது. வந்துச்சுன்னா அங்கியே எறங்கிப் போயிடுவேன்."

"வராது. நான் பொறுப்பு."

"ஊர்க்கவுண்டரு வரணும். அவரு சொன்னாதான் அது நடந்ததுன்னு ஆவும்" னு சொல்லிட்டு, உள்ள போயி எனக்குச் சாமைச் சோறு போட்டுக்கினு வந்தா. களமருதூர் வாசல்ல அவ தம்பிக்குத் தண்ணி குடுக்காதது ஞாபகம் வந்துது. வெக்கமா இருந்துது. தின்னேன், பசி.

ஊர்க்கவுண்டரு கரியன் வயசானவரு, வெள்ளத் துண்டு, நேரா நிக்கிற ஆளு. கோர்ட்டுல அவரு கூண்டுல ஏறுன அன்னிக்கு எங்கப்பாவும் வந்து வெளி வராண்டாவுல நின்னுக்கினு இருந்தாரு. நான் இட்டாரல, அவரா வந்தாரு.

மொதல்ல சாமியம்மாள். எதிர்த்தரப்பு வக்கீலு, "நீங்க அவர்கிட்ட வேலக்காரியா இருந்தீங்களா?" ன்னு கேட்டாரு. "ஊருகூடி எனக்குத் தாலி கட்டுனான். வேலக்காரிக்கு உங்க ஊர்ல தாலி கட்டுவாங்களா?" ன்னா அவ. நீதிபதி குனிஞ்சு எழுதிக்கினாரு.

அடுத்து கரியன். கல்யாணம் நடந்துதா? நடந்துது, நான்தான் முன்ன நின்னு நடத்துனேன். துரும்பு கிள்ளுனது? அதுவும் எம்முன்னாலதான். எந்தத் தேதி? அங்கதான் சிக்கிக்கிச்சு.

"தேதி எழுதி வெக்கிற பழக்கம் இல்லீங்க. பஸ் ஓடல, ரோட்ல மரம் கெடக்குதுன்னு அவன் சொன்ன வாரம். ஊரு பாத்துது."

"பஸ் ஓடாத வாரம்னு சொல்றீங்க. உங்க ஊருக்குப் பஸ் எப்ப ஓடிச்சு?"

"எப்பவும் ஓடலீங்க."

கோர்ட்டுல சிரிச்சாங்க. எதிர்த்தரப்பு வக்கீலு உடல. "ரோட்ல மரம் கெடந்துதுன்னு அவரு சொன்னதாச் சொல்றீங்க. ஆடிக் காத்துல மரம் உழாதா?"

"உழுங்க."

"அப்ப அவரு வந்தது ஆடியாவும் இருக்கலாமே?"

கரியன் பொய் சொல்லத் தெரியாத மனுஷன், இன்னா பண்ணுவாரு? "எங்களுக்கு ஊரு பாத்தா போதுங்க. உங்களுக்குப் போதாதா?" ன்னாரு. சின்னதுரை பெஞ்சுல காலு மேல காலு போட்டுக்கினு குந்தியிருந்தான். அவன அங்கியே அறையணும்போல இருந்துது.

வெளிய வந்தோம். கண்ணாயிரம் சார் பொடி போடக்கூட மறந்துட்டு நின்னாரு. "மலையில நடந்தது கல்யாணம்னு நின்னுடும்மா. தேதி நிக்காது. அடுத்த வாய்தாவுக்குள்ள எதாவது வேணும்" ன்னாரு. கரியன் நேரா எங்கப்பாகிட்ட போனாரு.

"நீங்கதான் இந்தப் பொண்ணுக்குத் தகப்பனாருங்களா? நாங்க பாத்ததச் சொல்லிட்டோம். நீங்க இன்னா பாத்தீங்க?"

எங்கப்பா துண்ட எடுத்து ஒதறி மறுபடி தோள்ல போட்டுக்கினாரு. கரியன் சாமியம்மாள இட்டுக்கினு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டாரு.

அடுத்த வாய்தா அன்னிக்கு நான் எழுந்திருக்கச் சொல்ல, எங்கப்பா குளிச்சுட்டு வெள்ள வேட்டி கட்டிக்கினு நிக்கிறாரு. பஸ்ஸுல எனக்கு முன் சீட்டுல குந்திக்கினு வந்தாரு, திரும்பிப் பாக்கல. கோர்ட்டுல போயி கண்ணாயிரம் சார் காதுல எதோ சொன்னாரு. அவரு, "யோசிச்சுக்கோங்க சடையன்" ன்னாரு. "யோசிச்சது போதுங்க" ன்னாரு எங்கப்பா.

கூண்டுல ஏறுனாரு. மறியல் மொத நாளு காலையில சின்னதுரை சைக்கிள்ல மலைப்பக்கம் போனதப் பாத்தேன்னு சொன்னாரு. எதிர்த்தரப்பு வக்கீலு சும்மா இருப்பாரா?

"பொண்ணுக்காகச் சொல்றீங்க. அது ஆடி மாசத்துல ஒரு நாளா இருக்கக் கூடாதா?"

"இல்லீங்க. சைக்கிள புளியமரத்துக்கு மேல தூக்கித்தான் தாண்டி உட்டேன்."

"அந்த மரம் எப்ப உழுந்துதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நீதிபதி பேனாவக் கீழ வெச்சுட்டு, "உங்களுக்கே எதிராப் போற கேள்வின்னா நீங்க பதில் சொல்லியே ஆவணும்னு இல்ல" ன்னாரு. பின்னால ரெண்டு போலீஸ்காரங்க வேற எதோ கேஸுக்கு வந்து நின்னுக்கினு இருந்தாங்க. எங்கப்பா அவங்களப் பாத்தாரு. அப்பால என்னப் பாத்தாரு. எனக்கு அந்த நிமிஷம், யப்பா வேணாம் எறங்கிடுன்னு கத்தலாம்னு இருந்துது. கத்தல. எனக்கு அந்தச் சாட்சி வேணும், கத்தாமதான் இருந்தேன்.

"ஆடியில அந்த மரம் நின்னுக்கினு இருந்துதுங்க. மறியல் அன்னிக்குத்தான் உழுந்துது. நான்தாங்க வெட்டினேன். ஒரு மரத்த ஒரு தடவதாங்க வெட்ட முடியும்."

நீதிபதி மறுபடி பேனாவ எடுத்தாரு.

"கூட யாரு வெட்டுனது?" ன்னாரு வக்கீலு.

"யாரும் இல்லீங்க. நான் ஒண்டியாதான்."

"நாலு பேரு கைகோத்தாலும் கட்டிப்புடிக்க முடியாத மரத்த, ஒண்டியா?"

"ஆமாங்க. ஒண்டியா. ரவ நேரம் புடிச்சுது."

நீதிபதி சிரிப்ப அடக்கிக்கினு எழுதினாரு. அந்த மரம் வெட்டுன தேதி போலீஸ் கேஸ்லயே இருந்துது, கண்ணாயிரம் சார் அதோட நகல எடுத்து நீட்டுனாரு. சின்னதுரை கால எறக்கி வெச்சான்.

வெளிய டீக்கடையில எங்கப்பாவுக்கு டீ வாங்கிக் குடுத்தேன். "சூடா இருக்குது, மெள்ள குடி" ன்னேன். எத்தினியோ மாசம் கழிச்சுப் பேசுன மொத வார்த்த. அவரு தலைய ஆட்டுனாரு.

தீர்ப்பு அடுத்த வருஷம் கார்த்திகையில வந்துது. அந்தத் தேதியில சின்னதுரைக்குச் சாமியம்மாள்னு ஒரு மனைவி இருந்ததால, எங்க கல்யாணம் ஆரம்பத்துலேர்ந்தே செல்லாது. கண்ணாயிரம் சார் தமிழ்ல சொல்லச் சொல்ல சாமியம்மாள் பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்தா. "மனைவின்னு எழுதியிருக்குதா?" ன்னு ரெண்டு தடவ கேட்டா. எழுதியிருக்குதுன்னதும், "எனக்கும் ஒரு நகலு வாங்கிக் குடு" ன்னா.

தீர்ப்பக் கேக்க எங்கப்பா வரல. அன்னிக்குக் காலையிலதான் போலீஸ்காரங்க வந்து, மரம் வெட்டுனதுக்கு விசாரணைன்னு ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிட்டாங்க. நான் கோர்ட்டுலேர்ந்து நேரா அங்க போனேன். பெஞ்சுல ஓரமா குந்திக்கினு இருந்தாரு. யாரும் அடிக்கல, திட்டல. ரைட்டரு பெரிய நோட்டத் தொறந்து வெச்சுக்கினு இருந்தாரு.

"கூப்புடறப்பல்லாம் இட்டாருவேன்னு எழுதிக் குடுத்துட்டு இட்டுக்கினு போம்மா. உம்பேரு?"

"செந்தமிழ்ச்செல்வி."

"புருஷன் பேரு?"

"இல்ல."

"இல்லன்னா? செத்துட்டாரா, உட்டுட்டுப் போயிட்டாரா?"

"கல்யாணம் ஆவல."

எங்கப்பா தலையத் தூக்கிப் பாத்தாரு. அவருக்கு அப்பத்தான் தீர்ப்பு தெரிஞ்சுது.

"அப்ப யாரு பேரப் போடறது?"

"தகப்பன் பேரப் போடுங்க. சடையன் மவ."

ரைட்டரு எழுதுனாரு. எங்கப்பா பெஞ்ச உட்டு எழுந்து, மேஜ கிட்ட வந்து, அந்த நோட்ட எட்டிப் பாத்தாரு. படிக்கத் தெரியாத மனுஷன்.

"இதுல எம்பேரு எதும்மா?" ன்னாரு.

எம்பேருக்குப் பக்கத்துல இருந்ததக் காட்டினேன். அவரு அதும்மேல வெரல வெச்சுக்கினு கொஞ்ச நேரம் நின்னாரு.